பதினான்கா, இருபதா?

கரும்பலகையில் வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, மொத்தம் 16 புள்ளிகள் வைத்தேன். இந்தப் புள்ளிகளையே மூலைகளாகக் கொண்டு எத்தனை சதுரங்கள் வரையலாம் என்பது கேள்வி. ஒரு சனிக்கிழமை காலை, கணிதப் போட்டிக்கான பயிற்சி வகுப்பு. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்புமாகப் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு நானே செய்து காட்டினேன். சிறிய சதுரம் 9, அடுத்த அளவு 4, எல்லாவற்றையும் வளைத்த பெரிய சதுரம் 1. ஆக 14. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் டஸ்டரைக் கையில் எடுத்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், சாய்ந்த சதுரம் கணக்கில் வராதா?"

வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை அவள். மார்கழி முழுக்க விடிவதற்கு முன்பே எழுந்து வாசலில் கோலம் போடுகிறவள். முன்னால் வரச் சொன்னேன். சாக்பீஸை வாங்கி, மேல் வரிசையின் இரண்டாவது புள்ளியில் தொடங்கி, நான்கே இழுப்பில் ஒரு வைர வடிவத்தைச் சுற்றி வந்து சேர்த்தாள். "நான்கு பக்கமும் சமம், நான்கு மூலையும் செங்கோணம். இதுவும் சதுரம்தானே டீச்சர்?"

சதுரம்தான். கேள்வியில் 'நேராக நிற்கும் சதுரம்' என்று ஒரு சொல்கூட இல்லை. அந்த நிபந்தனையை நானாகச் சேர்த்திருந்தேன். இருபது ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்துச் சதுரங்களையே பார்த்துப் பழகிய கண் சேர்த்த நிபந்தனை அது. கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அப்படி ஒரு தடை இல்லை.

அன்று வேறு கணக்கு எதையும் தொடவில்லை. மூன்றுக்கு மூன்று புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வைரம் உட்காரும். அப்படிக் கட்டங்கள் 4 இருக்கின்றன. 14 உடன் 4 சேர்ந்து 18 என்று முடிக்கப் போனோம். ஓர் எட்டாம் வகுப்புப் பையன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு புள்ளி தள்ளி இரண்டு புள்ளி இறங்கி, சதுரங்கத்தில் குதிரை போகிற மாதிரி விரலை நகர்த்திக்கொண்டே இருந்தான். அந்தப் போக்கில் வரைந்தால் பெரிய கட்டத்துக்குள் இன்னும் 2 சதுரங்கள், ஒன்று இடப்பக்கம் சாய்ந்து, மற்றது வலப்பக்கம் சாய்ந்து. ஆக 20.

இனி எதுவும் மிச்சமில்லை என்று எப்படித் தெரியும்? 14 என்று சொன்னபோதும் மிச்சமில்லை என்றுதானே நினைத்தோம்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள்தான் கேட்டார்கள். அரை மணி நேரம் கழித்துக் கிடைத்த வழி இது. எந்தச் சாய்ந்த சதுரத்தையும் ஒரு நேரான பெட்டிக்குள், நான்கு மூலைகளும் பெட்டியின் நான்கு பக்கங்களைத் தொடும்படி வைக்கலாம். அதனால் சதுரங்களை எண்ணுவதற்குப் பதில் பெட்டிகளை எண்ணிவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எத்தனை சதுரம் என்று பார்த்தால் போதும். பெட்டியின் மேல் பக்கத்தில் சதுரம் எந்தப் புள்ளியைத் தொடுகிறது என்று சொல்லிவிட்டால், மீதி மூன்று மூலைகளும் தாமாகவே தீர்மானமாகிவிடும். இரண்டு ஓரப் புள்ளிகளும் பெட்டியையே தருவதால் அவற்றுள் ஒன்றை மட்டும் எண்ண வேண்டும். ஆகவே பக்கம் 1 உள்ள பெட்டிக்குள் 1 சதுரம், பக்கம் 2 என்றால் 2, பக்கம் 3 என்றால் 3. கூட்டினால் 9×1 + 4×2 + 1×3 = 20. ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தால் 16×1 + 9×2 + 4×3 + 1×4 = 50. இப்போது மிச்சமில்லை என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் காலை என்னை விடவில்லை. காரணம், முந்தைய ஆண்டு நடந்தது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய அளவில் ஒரு கணிதத் திறன் போட்டி நடத்துகிறது. ஏழு, எட்டாம் வகுப்புப் பிரிவுக்குக் கப்ரேக்கர் பெயரை வைத்திருக்கிறார்கள். நாசிக்குக்குப் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கணித அறிஞர் அவர். முந்தைய ஆண்டு முதல் முறையாக எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரை எழுத வைத்தேன். இரண்டு மாதம் உழைத்தேன். சூத்திரங்களை எல்லாம் நான்கு பக்கத்தில் தொகுத்து நகல் எடுத்துக் கொடுத்தேன். நூறு கணக்குகளைப் பலகையில் தெளிவாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்து காட்டினேன். ஒன்பது பேரில் ஒருவரும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. முடிவு வந்த அன்று ஒரு பையன், "நீங்கள் சொல்லும்போது எல்லாம் புரிந்தது டீச்சர், தாளைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்றான். அதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் நிறையக் கணக்கு செய்து காட்ட வேண்டும் என்றே முடிவெடுத்தேன்.

கோலப் புள்ளிக் கணக்குக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பார்த்தேயிராத ஒரு பழைய தாளை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, இரண்டு மணி நேரம் நானே எழுதினேன். ஏழு கணக்குகள் மிச்சமாகின. செய்து முடித்தவற்றில் பாதியாவது முதல் முயற்சியில் தவறிப் போய், மறுபடி வேறு பக்கத்திலிருந்து வந்தவை. காகிதத்தின் ஓரம் முழுக்க அடித்த வரிகள், சின்னச் சின்னப் பட்டியல்கள், கோணலான படங்கள். நான் உண்மையில் கணக்குப் போடுவது இப்படித்தான். அந்த ஓரத்தை ஒருநாளும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. முடிந்துபோன வழியை மட்டும் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று எப்படித் தெரிந்திருக்கும்?

எங்கள் பக்கத்தில் கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 அன்று ஒவ்வோர் ஆண்டும் அவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். கடவுள் கொடுத்த அறிவு, கனவில் வந்த சூத்திரம் என்றே பேசி முடிப்போம். பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த அறிவு நமக்கு இல்லை என்று அவர்கள் தீர்மானித்துக்கொள்வதுதான் நடக்கிறது. காகிதம் வாங்கப் பணம் இல்லாததால் அவர் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார், தேறிய முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். இன்று உலகம் பார்ப்பது அந்த நோட்டுகளை. சிலேட்டில் அழிந்த வரிகளை யாரும் பார்த்ததில்லை. நானும் என் பிள்ளைகளுக்கு நோட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து முறையை மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்கைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். நான் முன்பே பார்த்திருக்கக் கூடாது. அதை அவர்கள் எதிரில் பலகையில் போடுவேன், நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. முதல் வாரம் கை நடுங்கியது. இருபது நிமிடம் போராடி, விடை வராமல் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் முகத்தில் நான் பயந்த ஏமாற்றம் இல்லை. ஒருவன் எழுந்து, "டீச்சர், 100 க்குப் பதில் 5 வைத்துப் பார்க்கலாமா?" என்றான். பார்த்தோம். வழி திறந்தது.

அந்தப் பையன் சொன்னதைவிடப் பெரிய உத்தி போட்டிக் கணக்கில் எனக்குத் தெரிந்து இல்லை. எண் பெரியதாக இருந்தால் சிறியதாக்கிச் செய்து பார். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 100 விளக்குகள் வரிசையாக அணைந்திருக்கின்றன. முதல் ஆள் எல்லாச் சுவிட்சையும் மாற்றுகிறார். இரண்டாம் ஆள் 2, 4, 6 என்று இரண்டின் மடங்குகளை மாற்றுகிறார். மூன்றாம் ஆள் மூன்றின் மடங்குகளை. இப்படியே 100 பேர். கடைசியில் எரிவது எத்தனை? கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். நாங்கள் பெட்டிக்கடையிலிருந்து 20 சோடா மூடிகள் வாங்கி வந்து தரையில் கவிழ்த்து வைத்தோம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பிக்கொண்டே போனார்கள். எல்லாம் முடிந்தபோது நிமிர்ந்து கிடந்தவை 1, 4, 9, 16. சொல்லாமலே புரிந்தது, வர்க்க எண்கள். ஆனால் ஏன்? 12 ஆவது மூடியை யார் யார் தொட்டார்கள் என்று கேட்டேன். 1, 2, 3, 4, 6, 12. ஒன்றுக்குப் பன்னிரண்டு ஜோடி, இரண்டுக்கு ஆறு, மூன்றுக்கு நான்கு. வகுத்திகள் ஜோடி ஜோடியாக வருவதால் இரட்டைப்படை முறை திருப்பப்பட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. 16 இல் 1 உடன் 16, 2 உடன் 8. 4 மட்டும் தனக்குத் தானே ஜோடி. அதனால் 5 முறை, ஒற்றைப்படை. 100 வரை வர்க்க எண்கள் 10. விடை 10. 'எல்லா வர்க்க எண்களுக்கும் வகுத்திகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை' என்ற வரி என் நான்கு பக்கத் தொகுப்பிலும் இருந்தது. முந்தைய ஆண்டுப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். இந்தப் பிள்ளைகள் அதைக் கையால் புரட்டிக் கண்டுபிடித்தார்கள்.

ஏழின் அடுக்கு 2025 இன் கடைசி இலக்கம் என்ன என்பது போன்ற கணக்குகளும் இதே வகைதான். 7, 49, 343, 2401 என்று நான்கு வரை போனால் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று சுற்றி மறுபடி 7 க்கு வந்துவிடும். 2025 ஐ நான்கால் வகுத்தால் மீதி 1, விடை 7. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படம் போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் படம் என்றால் வடிவியல் என்று நினைக்கிறார்கள். இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலனோடு அவற்றின் கூடுதலையும் சேர்த்தால் 34 வருகிறது, அந்த மிகை எண்கள் எவை? இது இயற்கணிதக் கணக்கு. ஒரு செவ்வகம் வரையச் சொன்னேன். நீளம் ஒரு எண், அகலம் மற்ற எண். பரப்பு அவற்றின் பெருக்கற்பலன். கூடுதலையும் சேர்க்க வேண்டும் என்பதால் நீளத்தை ஒட்டி ஓர் அலகு அகலத்தில் ஒரு பட்டை, அகலத்தை ஒட்டி இன்னொரு பட்டை. வரைந்து முடித்ததும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில், "மூலையில் ஒரு கட்டம் குறைகிறது" என்றார்கள். அந்த ஒற்றைக் கட்டத்தையும் நிரப்பினால் முழுச் செவ்வகம், பரப்பு 35. 35 என்பது 5×7 அல்லது 1×35. பட்டைகளை எடுத்துவிட்டால் 4, 6. மற்றதில் ஓர் எண் 0 ஆகிவிடுவதால் அது இல்லை. இருபுறமும் 1 ஐச் சேர்த்துக் காரணிப்படுத்து என்று நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்திருக்கிறேன். அந்த 1 எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு செவ்வகத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கோடு இழுத்தால் நான்கு முக்கோணங்கள். சுற்றி வரும் வரிசையில் மூன்றின் பரப்பு 12, 15, 20. நான்காவது எவ்வளவு? "நீளமும் அகலமும் கொடுக்கவில்லையே டீச்சர்" என்றார்கள். கொடுக்கவில்லை என்றால் தேவையில்லை என்று பொருள், அதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதிரெதிர் முக்கோணங்கள் இரண்டுக்கும் அடிப்பக்கம் சமம். உயரங்கள் இரண்டையும் கூட்டினால் செவ்வகத்தின் எதிர்ப்பக்க தூரம். ஆகவே எதிரெதிர் ஜோடி எப்போதும் செவ்வகத்தில் பாதி. 12 உம் 20 உம் ஒரு ஜோடி, பாதி 32. 15 உடன் 17 சேர்ந்தால் 32. விடை 17. போட்டித் தாளில் கொடுக்கப்படாததைக் கண்டு பதறுகிற பழக்கம் பாடப்புத்தகத்தில் இருந்து வருகிறது. அங்கே தேவையான எண்கள் எல்லாம் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும்.

தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு சுவர் உண்டு. என் பிள்ளைகள் எழுதிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கு தெரியாமல் விட்டதைவிட, 'டிஸ்டிங்க்ட்', 'கன்செக்யூட்டிவ்', 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்' என்ற நான்கு சொற்களில் தடுக்கி விழுந்ததே அதிகம் என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. வெவ்வேறான, அடுத்தடுத்த, குறைந்தது, அதிகபட்சம். தமிழில் சொன்னாலும் உடனே பொருள் பிடிபடுவதில்லை என்பதுதான் வியப்பு. ஒரு பெட்டியில் சிவப்புப் பேனா 10, நீலம் 8, பச்சை 6. பார்க்காமல் எடுக்கிறோம். ஒரே நிறத்தில் 3 பேனா நிச்சயமாகக் கிடைக்கக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? பாதிப் பேர் 3 என்றார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் 3 போதும். நிச்சயம் என்ற சொல் அதிர்ஷ்டத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. இதை விளையாட்டாக மாற்றினோம். ஒரு மாணவி எதிராளி. உங்களை வெல்லவிடாமல் இழுத்தடிப்பதே அவள் வேலை. பெட்டியைப் பார்த்து அவளே பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவாள். அவள் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டிரண்டாகத் தந்து ஆறு வரை இழுத்தாள். ஏழாவதில் தப்ப முடியவில்லை. விடை 7. உடனே, சிவப்பிலேயே 3 நிச்சயமாக வேண்டும் என்றால்? அவள் சிரித்துக்கொண்டே நீலம் எட்டையும் பச்சை ஆறையும் முழுதாகத் தந்துவிட்டுத்தான் சிவப்பைத் தொட்டாள். 14 உடன் 3, ஆக 17. ஒரு சொல் மாறினால் விடை எவ்வளவு தூரம் போகிறது என்று அன்று எல்லோரும் கண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கையும் தமிழில் தம் சொந்தச் சொற்களில் ஒரு வரியாகத் திருப்பிச் சொன்ன பிறகே பென்சிலை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் நான்கு நிமிடத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

பயிற்சிக்கு அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் எழுதும் ஏஎம்சி 8 என்ற போட்டியின் பழைய கணக்குகளையும் எடுத்துக்கொண்டேன். 25 கேள்விகள், 40 நிமிடம்; கேள்விக்கு 96 வினாடி. கால்குலேட்டர் கிடையாது, தவறுக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. முதல் பத்துக் கணக்குகள் எங்கள் பிள்ளைகளுக்கு எளிதாகவே இருந்தன, நம்பிக்கை வருவதற்கு நல்ல இடம். ஆனால் வேகத்துக்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. கடைசி ஐந்து கணக்குகளில் ஒன்றை எடுத்து ஒரு வாரம் வைத்திருப்பது, 25 ஐயும் ஓட்டமாகச் செய்வதைவிடப் பிள்ளைக்கு அதிகம் தருகிறது. பயிற்சி மையங்கள் சிலவற்றில் கடிகாரத்தை முதல் நாளே எதிரில் வைத்துவிடுகிறார்கள். நான் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் கடிகாரத்தைக் கொண்டுவந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் மதிப்பெண் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன், ஏனென்றால் அதுவும் கணக்குதான். எங்கள் பிள்ளைகளின் தாளில் சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் குறைப்பு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் கேள்விகளில் குறித்தால், சராசரியாக 2 சரியாகும், 6 தவறாகும். 2 வந்து 3 போகிறது. ஒரு விடையை மட்டும் நீக்க முடிந்தால் வரவும் செலவும் சமம். இரண்டை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் லாபம். ஆகவே இரண்டை நீக்க முடியாவிட்டால் தொடாதே. நீக்குவதற்குக் கடைசி இலக்கமும் ஒன்பதின் மீதியும், அதாவது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும், நல்ல கருவிகள். 123×457 இன் விடை 1 இல் முடிய வேண்டும். இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதின் மீதி மாறாது. அப்படிக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 6 உம் 7 உம், அவற்றின் பெருக்கல் 42, மறுபடி 6. ஆகவே விடையின் இலக்கக் கூடுதலும் 6 க்கு இறங்க வேண்டும். விடை 56211, கூட்டினால் 15, பிறகு 6.

எங்கள் வகுப்பில் இந்த ஒன்பதின் கதையைத் தொடங்கி வைத்தவர் கப்ரேக்கர்தான். ஏதாவது நான்கு இலக்க எண், இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையைக் கழி. வந்த விடையிலும் அதையே செய். 3524 என்றால் 5432 - 2345 = 3087, பிறகு 8730 - 0378 = 8352, பிறகு 8532 - 2358 = 6174. அதற்கு மேல் நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்து நிற்கும். இதை 1949 இல் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில் அவர் அறிவித்தார். என் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் வரும் எண்கள் எல்லாம் ஒன்பதால் வகுபடுகின்றன என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். ஒரே இலக்கங்களை இடம் மாற்றி எழுதிக் கழிப்பதால் ஒன்பதின் மீதி அடிபட்டுப் போகிறது என்று காரணமும் சொன்னான். அவன் பள்ளித் தேர்வில் நாற்பது மதிப்பெண் வாங்குகிறவன்.

ஒரு பழக்கத்தை எல்லோருக்கும் கண்டிப்பாக வைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நோட்டு. முடிந்த கணக்கை அதில் எழுதக் கூடாது. மாட்டிக்கொண்ட கணக்கை மட்டும் எழுத வேண்டும். எதை முயன்றேன், எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று மூன்று வரி. விடையைக் காட்டுவது குறைந்தது ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் ஒரு சிறு குறிப்பு வேண்டுமானால் கேட்கலாம். இது எனக்கே மிகக் கடினமாக இருந்தது. ஒரு பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பதைப் போல ஆசிரியருக்குக் கடினமான வேலை எதுவும் இல்லை. பெற்றோர் ஒருவர் வந்து, "விடை சொல்லாமல் அனுப்புகிறீர்களாமே டீச்சர், பிள்ளை ராத்திரி சாப்பிடாமல் அதையே போட்டுக்கொண்டிருக்கிறான்" என்று வருத்தப்பட்டார். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னேன். ஆனால் விடையைச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு பதினொரு பேரில் இரண்டு பேர் இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். கோலம் போடும் பெண்ணும், குதிரை விரல் பையனும். இரண்டாம் சுற்றில் விடை மட்டும் போதாது. காரணத்தை முழுதாக எழுத வேண்டும். அங்கே இரண்டு பேரும் திணறினார்கள். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்ததை எழுதத் தெரியவில்லை. குறை என்னுடையது; பேசவிட்டேன், எழுதவைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்கை, அந்தக் கணக்கையே பார்த்திராத வகுப்புத் தோழனுக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதச் சொல்கிறேன். படிக்கிறவன் எங்கே 'ஏன்' என்று கேட்பானோ அங்கே ஒரு 'ஏனெனில்' வர வேண்டும். சதுரக் கணக்கில் 20 என்று எழுதினால் பாதிகூட ஆகாது. எந்தச் சதுரத்துக்கும் ஒரே ஒரு பெட்டிதான் பொருந்தும், அதனால் எதுவும் விடுபடவில்லை, எதையும் இருமுறை எண்ணவில்லை என்ற இரண்டு வரிகள்தான் அந்த விடையின் உயிர்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வேறு பள்ளிக்குப் போய்விட்டாள், ஆனாலும் சில சனிக்கிழமைகளில் வருகிறாள். போன தை மாதம் வந்தபோது, ஒரு கணக்கு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். சாக்பீஸை எடுத்து இம்முறை நேர்ப்புள்ளி வைக்கவில்லை, இடைப்புள்ளி வைத்தாள். மேலே ஒன்று, அடுத்து இரண்டு, மூன்று, நான்கு. மொத்தம் 10 புள்ளிகள். "பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே தூரம் எல்லாம் சமம். இதில் எத்தனை சமபக்க முக்கோணம்?"

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். சிறியது 6, அடுத்தது 3, பெரியது 1. பத்து என்றான் ஒருவன். தலைகீழாக நிற்பவை 3 என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள், பதின்மூன்று. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"இன்னும் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். சாக்பீஸைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பழைய கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.